பிளாரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்

நோய் தீர்வதற்கு நோயாளியும் மருத்துவனும் மருந்தும் மட்டும் போதா. அருகிருந்து அம்மருந்தைக் காலமறிந்து கொடுக்கும் ஒருவனும் வேண்டும் என்று கொண்டு, அவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்து எண்ணியவர் நம் திருவள்ளுவர். உழைச்செல்வான் என்னும் அழகிய பெயரை அவர் அவனுக்கு இட்டனர். ஆயினும் வைத்தியரைப் போற்றிய உலகம் உழைச்செல்வானை நெடுங்காலம் ஏவலாளாகவே கருதி வந்தது. அந்நான்காம் உறுப்புக்கும் ஒரு கல்வி உண்டு, ஒரு கணக்கும் உண்டு என்று 19-ஆம் நூற்றாண்டில் நிலைநாட்டிய ஒரு பெருமாட்டியின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

அம்மையாரின் பெயரை அறியாதார் நம் கல்லூரியில் ஒருவரும் இலர். இருண்ட கூடத்தில், வரிசையாகக் கிடக்கும் புண்பட்ட வீரரிடையே, கையில் விளக்கேந்தி நடந்து வரும் மெல்லிய உருவம் பாலபாடப் புத்தகங்களிலேயே நமக்கு அறிமுகமாகி விடுகின்றது. அப்படங்களில் காணப்படும் விளக்கு பெரும்பாலும் அலாவுதீன் கதையில் வருவது போன்ற மூக்கு நீண்ட எண்ணெய் விளக்கு. அவர் உண்மையில் ஏந்தியதோ துருக்கி நாட்டில் வழங்கிய மடிப்புக் கூண்டு விளக்கு. இது சிறு பிழையே, பொறுக்கலாம். அவ்வொரு விளக்கோடு அவர் வரலாற்றை முடித்து விடுதலோ பெரும் பிழை. 90 ஆண்டு வாழ்ந்தவர் அவர். அவற்றுள் போர்க்களத்து ஆஸ்பத்திரியிற் கழித்தவை ஏறக்குறைய 21 மாதங்களே.

1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரில் அம்மையார் பிறந்தனர். பெற்றோர் ஆங்கிலேயர், பெருஞ்செல்வர், நீண்ட சுற்றுப்பயணத்தில் இருந்தவர். பிறந்த ஊரின் பெயரையே மகளுக்கு இட்டனர். ஓராண்டுக்கு முன் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்த மூத்தவளுக்கு அந்நகரின் பழைய கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப் என்பதை இட்டிருந்தனர். இங்கிலாந்து திரும்பிய பின், கோடையில் டார்பிஷையரிலுள்ள லீ ஹர்ஸ்ட் மாளிகையிலும், மற்றைக் காலத்தில் ஹாம்ப்ஷையரிலுள்ள எம்பிளி மாளிகையிலும் அக்குடும்பம் வாழ்ந்தது. தந்தையார் கல்வியில் ஈடுபாடுடையவர். ஆண்மக்களுக்கே உரியவை என்று அக்காலத்தார் கருதிய கிரேக்கம், லத்தீன், சரித்திரம், தத்துவம் ஆகியவற்றைத் தம் மகளிர் இருவர்க்கும் தாமே கற்பித்தனர். இளையவளுக்குக் கணிதத்தில் தணியாத வேட்கை. இவ்வேட்கையை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் அது ஆயிரக்கணக்கான உயிர்களின் கணக்காக மாறப் போகின்றது.

1837-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 7-ஆம் நாள், தம் 16-ஆம் வயதில், ஆண்டவன் தம்மைத் தன் பணிக்கு அழைத்தான் என்று அம்மையார் உணர்ந்தனர். எப்பணி என்பது மட்டும் அன்று விளங்கவில்லை. கிராமத்துக் குடிசைகளிற் பிணியுற்றார் பக்கலில் இருந்து இருந்து, அதுவே தம் பணியெனச் சிறிது சிறிதாகத் தெளிந்தனர். 1845-இல் சாலிஸ்பரி நகரத்து ஆஸ்பத்திரியிற் சில மாதம் தங்கித் தாதித் தொழில் கற்க விடை கேட்டனர். வீட்டில் இடி விழுந்தாற் போலாயிற்று. தாயாரைக் குறை கூறுதல் எளிது. ஆனால், அந்நாளைய ஆஸ்பத்திரிகள் ஏழைகள் வேறு போக்கின்றிச் சென்று கிடக்கும் நாற்றமெடுத்த கூடங்களாக இருந்தன. தாதியர் என்போரிற் பலர் குடிப்பழக்கத்தாற் பெயர் கெட்டவர். செல்வர் வீட்டுப் பெண் அங்குச் செல்வதென்றால் எந்தத் தாயும் அஞ்சுவாள். நாமும் நம் வீட்டில் அஞ்சியிருப்போம்.

அதன்பின் எட்டு ஆண்டு வீட்டிலேயே ஒரு சிறைவாசம். விடியுமுன் எழுந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில், சர்க்கார் வெளியிட்ட சுகாதார அறிக்கைகளையும் பல நாட்டு ஆஸ்பத்திரிகளின் விவரங்களையும் படித்துக் குறிப்பெடுத்து, பின் காலைச் சிற்றுண்டிக்கு ஒன்றுமறியாதவர் போல் இறங்கி வருவார். அவரை மணக்கப் பல்லாண்டு காத்திருந்த மாங்டன் மில்ன்ஸ் என்னும் புலவரை, உள்ளத்தில் அன்பிருந்தும், 1849-இல் மறுத்தனர். 1850-இல் ஜெர்மனி தேசத்தில் ரைன் நதிக்கரையிலுள்ள கைஸர்ஸ்வெர்த் என்னும் ஊரில், பாதிரியார் பிளீட்னர் 1836-இல் நிறுவிய சேவைச் சகோதரிகளின் இல்லத்தைக் கண்டனர். மறு ஆண்டு அங்கே மூன்று மாத அளவு தங்கிப் பயின்றனர். அங்கு நிலவிய பக்தியும் ஒழுக்கமும் அவரைக் கவர்ந்தன. தாதித் தொழிலும் சுத்தமும் அங்குச் சிறந்திருந்தன என்று மட்டும் அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டாரில்லை. உண்மையை மறைக்கும் பழக்கம் அவர்க்கு இல்லை.

1853-இல் லண்டன் ஹார்லி வீதியில் இருந்த, நோயுற்ற பெருங்குடி மகளிர்க்கான சிறு மருத்துவ இல்லம் ஒன்றுக்குத் தலைவியாயினர். ஊதியம் இல்லை, தந்தையார் ஆண்டுக்கு 500 பவுன் அளித்தனர். அங்கு அவர் முதலிற் கேட்டவை மருந்துகள் அல்ல. ஒவ்வொரு மாடிக்கும் குழாய் வழியே வெந்நீர் வரவேண்டும். உணவை மேலேற்றும் ஏற்றப்பொறி ஒன்று வேண்டும். நோயாளி மணியடித்தால், அழைத்தவர் இன்னாரென்று தாதிக்கு உடனே தெரியும்படி ஓர் அடையாளம் விழவேண்டும். இவை இல்லையேல் தாதி என்பவள் மாடிப்படி ஏறி இறங்கும் ஒரு சோடிக் கால்களாகவே முடிவாள் என்பது அவர் கருத்து. இன்றும் ஆஸ்பத்திரிகளிற் கட்டிலருகே தொங்கும் அழைப்புமணியைக் காணுந்தோறும் அந்த இல்லம் நம் நினைவுக்கு வருகின்றது. கத்தோலிக்கர் முதலிய பிற சமயத்தாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று நிர்வாகக் குழுவோடு வாதாடி வென்றதும் அங்கேதான்.

நிற்க. 1854-ஆம் ஆண்டு பிரிட்டனும் பிரான்சும் துருக்கிக்குத் துணையாக ருஷியாவோடு கிரிமியாவிற் போர் தொடுத்தன. புண்பட்டவரும் நோயுற்றவரும் கருங்கடலைக் கடந்து, கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்கூட்டாரிக்குக் கப்பலிற் கொண்டு வரப்பட்டனர். அங்கே கட்டுத்துணியும் இல்லை, கவனிப்பாரும் இல்லை என்ற செய்தியை டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தவே நாடு கொதித்தது. யுத்த இலாகாவின் மந்திரியாகிய சிட்னி ஹெர்பர்ட் அம்மையாரின் நண்பர். தாதியரை அழைத்துச் செல்லுமாறு அவர் அம்மையாருக்கு எழுதினார். செல்ல விடை தருமாறு அம்மையார் அவர்க்கு எழுதினார். இரு கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து சென்றன. ஒரு வாரத்திற்குள் 38 பெண்டிர் திரட்டப்பட்டனர். கத்தோலிக்கக் கன்னியரும், ஆங்கிலிக்கன் சகோதரிகளும், கூலிக்கு உழைத்த தாதியரும் அவருட் கலந்திருந்தனர். நவம்பர் 4-ஆம் நாள் ஸ்கூட்டாரி அடைந்தனர். மறு நாளே இன்கர்மன் போர்.

பாசறையாக இருந்து ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்ட அப்பெருங்கட்டடத்தில் படுக்கைகளை ஒரே வரிசையாக வைத்துப் பார்த்தால் நான்கு மைல் நீளும் என்று மதிப்பிட்டனர். கட்டடத்தின் அடியிலே அடைபட்ட சாக்கடைகள். காற்று வீசினால் கக்கூஸ் குழாய்களின் வழியே நச்சு நாற்றம் கூடங்களுட் புகும். புண்ணைவிடப் பேதியும் வாந்திபேதியும் விஷக்காய்ச்சலுமே மிகுதியாகக் கொன்றன. இராணுவ வைத்தியர் பலர் பெண்டிரை உள்ளே விட விரும்பவில்லை. அம்மையார் வாதாடவில்லை. வைத்தியர் தாமே அழைக்கும் வரையில் ஒருத்தியும் கூடத்துள் அடிவைக்கலாகாது என்று தம் தாதியரையே தடுத்து, துணி தைக்கவும் கட்டுத்துணி மடிக்கவும் வைத்தனர். கண்முன் மனிதர் சாகையில் அவ்வாறு காத்திருந்தது சரியோ என்று அத்தாதியரே கொதித்தனர். இன்கர்மனிற் புண்பட்டோர் வந்து குவிந்தவுடன் வைத்தியர்களே கதவைத் திறந்தனர்.

உள்ளே சென்ற பின் அவர் செய்த வேலைகளை எண்ணினால் ஒரு குடும்பப் பெண்ணின் வேலைகளாகவே தோன்றும். தரை தேய்க்கும் பிரஷ்கள் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கொப்பரைகள் அமைத்து, சிப்பாய்களின் மனைவியரைக் கொண்டு வெந்நீரில் துணி வெளுப்பித்தார். சட்டை, துண்டு, கரண்டி, சோப்பு ஆகியவற்றை டைம்ஸ் பத்திரிகை திரட்டிய நிதியிலிருந்தும் தம் கைப்பணத்திலிருந்தும் வாங்கிக் கொடுத்தார். பண்டகசாலையிற் பொருள் இருந்தும், உரிய கையெழுத்து இன்றி அதனைத் திறக்கலாகாது என்னும் விதி இருந்தது. உணவின் நிலையைக் கேட்பின் நகைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும். இறைச்சியை எலும்போடு நிறுத்துப் பங்கிட்டமையால் ஒருவனுக்கு ஊன் கிடைத்தால் மற்றொருவனுக்கு எலும்பே கிடைக்கும். எலும்பை நீக்கிப் பங்கிடலாமே என்று அம்மையார் கேட்டதற்கு, அதற்குப் புதிய சட்டம் வேண்டும் என்பது மேலிடத்து விடை. கடின உணவு கொள்ள இயலாதார்க்கென அவர் தனிச் சமையலறைகள் அமைத்தார். 1855-இல் ஸோயர் என்னும் பிரான்சு தேசத்துச் சமையல் வல்லுநர் தம் செலவில் வந்து துணை நின்றார்.

இரவு எட்டு மணிக்கு மேல் தம்மையன்றிப் பெண்டிர் எவரும் கூடங்களுக்குட் செல்லலாகாது என்பது அம்மையாரின் விதி. அவ்விளக்கு அவ்விதியினாற்றான் தனித்து உலவியது. சுற்றி முடித்து அறைக்கு வந்தபின், இறந்த வீரரின் தாய்மார்க்கும் மனைவியர்க்கும் கடிதம் எழுதுவார். 1855 மே மாதம் பாலக்ளாவாவில் அவரையே கொடிய காய்ச்சல் பற்றியது. தலைமயிர் களையப்பட்டது, உயிர் பிழைத்ததே அரிது. அதே பாலக்ளாவாவின் அருகில் ஜமெய்க்காத் தீவினராகிய மேரி ஸீகோல் அம்மையார், லண்டனில் தம் விண்ணப்பம் ஏற்கப்படாமற் போகவே, சொந்தச் செலவில் வந்து விடுதி நடத்தி வீரரைப் பேணினர் என்பதையும் ஈண்டுச் சொல்லாது விடின் வரலாறு நிறைவுறாது. புகழ் ஒருவர் மேலேயே பொழிந்துவிட்டது.

இனி, கூறுதற்குக் கடினமான செய்தி ஒன்று உண்டு. அம்மையார் வந்து சேர்ந்த பின்னும் ஸ்கூட்டாரியிற் சாவு குறையவில்லை, ஏறியது. 1855 பிப்ரவரியில் அங்குச் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதம் வைத்தியர் ஸதர்லண்ட், பொறியாளர் ராலின்ஸன் முதலியோர் அடங்கிய சுகாதாரக் குழுவை அரசாங்கம் அனுப்பியது. அவர்கள் சாக்கடைகளை அலசித் திறந்தனர். குப்பையை வண்டி வண்டியாக அகற்றினர். நீரோடும் வழியில் அழுகிக் கிடந்த குதிரையை அப்புறப்படுத்தினர். சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். காற்று வரத் திறப்புகள் வைத்தனர். ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டாக இறங்கியது. பட்டினியும் குளிரும் களைப்பும் மிக்க வீரர் காலங்கடந்து வந்தமையே சாவின் முதற் காரணமென்று போர்க்காலத்தில் அம்மையார் எண்ணியிருந்தனர் எனவும், கட்டடத்தின் பங்கு அவர்க்குப் பின்னரே முழுதும் விளங்கியது எனவும் அண்மைக் கால வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர்.

1856 ஆகஸ்டு மாதம், வரவேற்புகளுக்கு அஞ்சி, வேறு பெயர் பூண்டு ஊர் திரும்பியவர் வெற்றி பெற்றவராகத் தோன்றவில்லை. மண்ணுள் விட்டு வந்த வீரரை அவரால் மறக்க இயலவில்லை. புள்ளிவிவர வல்லுநராகிய வில்லியம் பார் என்பாரின் துணைகொண்டு இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தார். பகைவர் ஆயுதத்தால் இறந்தாரைவிடத் தடுத்திருக்கக் கூடிய நோய்களால் இறந்தார் பன்மடங்கு என்பது வெளிப்பட்டது. அமைதிக் காலத்திலும், இங்கிலாந்துப் பாசறைகளில் வாழும் இளம் சிப்பாய்கள் அதே வயதுடைய குடிமக்களைவிட ஏறக்குறைய இரு மடங்காக இறந்து வந்தனர். இக்கணக்கை எண்களாக மட்டும் எழுதின் மந்திரிகள் படியார் என்றறிந்து, வட்டத்தைப் பன்னிரு மாதங்களாகப் பகுத்து வண்ணந் தீட்டி, கண்ட அளவிலே உண்மை நெஞ்சில் தைக்கும்படி 1858-இல் வரைபடமாக்கினார். அவ்வாண்டே லண்டன் புள்ளிவிவரச் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது. தம் பிழையையும் உள்ளடக்கிய ஒரு கணக்கைத் தாமே போட்டு, அதனை அரசாங்கத்தின் முன் வைக்கும் துணிவு எத்தனை பேருக்கு வாய்க்கும்? விளக்கேந்திய அம்மையாரினும் அவ்வரைபடம் எழுதிய அம்மையாரையே நாம் பெரிதும் வியக்கின்றோம்.

1857-இல் உடல் முற்றும் தளர்ந்தது. கிரிமியாவிற் பற்றிய காய்ச்சலின் தொடர்ச்சியே அது என்பர். அதன் பின் நெடுங்காலம் படுக்கையிலும் சாய்வு நாற்காலியிலுமாகக் கிடந்தே அவர் தம் பெரும்பணிகளைச் செய்தனர். தாதியாக இருந்தவர் நோயாளியாகவும் ஆனமையாற்போலும், 1860-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அவரது தாதித் தொழிற் குறிப்புகள் என்னும் நூல் கட்டிலின் மேலிருந்து பார்ப்பவர் எழுதியது போல் அமைந்துள்ளது. ஒரே மாதத்தில் 15,000 பிரதிகள் விலைபோயின. தொழிற்றாதியர்க்கென்று எழுதப்பட்டதன்று அது. வீட்டில் பிணியாளரைப் பேண நேரும் எல்லாப் பெண்டிர்க்கும் எழுதப்பட்டது. மறு ஆண்டு உழைப்பாளர் குடும்பங்களுக்காக மலிவுப் பதிப்பொன்று வெளியிட்டு, தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமக்கும் சிறுமியர்க்கென ஓர் அதிகாரமும் சேர்த்தனர்.

அந்நூலின் முதல் விதி காற்றைப் பற்றியது. நோயாளி சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போல் தூயதாக இருக்க வேண்டும். ஆனால் அவன் குளிரால் நடுங்கவும் கூடாது. சன்னலை மூடிவைத்துக் கதவைத் திறப்பவர் கக்கூசின் காற்றையும் சமையலறையின் காற்றையுமே உள்ளே அழைக்கின்றனர். மெலிந்தவனுடைய பாதங்களை அடிக்கடி தொட்டுப் பார்த்தல் வேண்டும். குளிர்ந்திருப்பின் வெந்நீர்ப் புட்டி வைத்தல் வேண்டும். பின்னிரவும் விடியற்காலையுமே இதற்கு மிகவும் விழிப்பாயிருக்க வேண்டிய நேரம். காற்றுக்கு அடுத்தபடி வேண்டுவது வெளிச்சம். படுத்தபடியே வானத்தைக் காண முடியுமாறு கட்டில் கிடக்க வேண்டும்.

படுக்கை இறகு மெத்தையாக இருத்தலாகாது. வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்புக் கட்டிலும் குதிரைமயிர் மெத்தையும் அவர் விரும்பியவை. தலையணைகளைச் சுவர் கட்டுவது போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தலை முன்னே தள்ளப்பட்டு மூச்சு முட்டும். முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்குமாறு அமைத்தால் தோள்கள் பின்னே சாய்ந்து மார்பு விரியும். உடலைத் துடைக்கும்போது முழுவதையும் ஒருங்கே திறந்து வைக்காமல் சிறிது சிறிதாகச் சோப்பும் வெந்நீருங் கொண்டு துடைத்து உலர்த்துதல் வேண்டும். தாதி தன் கைகளை நாளிற் பலமுறை கழுவ வேண்டும். அறைத் தூசியை உலர்ந்த துணியால் தட்டுவது அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதேயாகும்; ஈரத் துணியால் துடைப்பதே துப்புரவு. மலசலக் கலத்தை மூடிவைத்துக் கட்டிலடியில் விடுவது நஞ்சை மூடி வைப்பதாகும். உடனே வெளியே கொண்டு கொட்டிக் கழுவ வேண்டும்.

உணவைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தபோது நாம் வெட்கினோம். உண்ணாத உணவைப் பிறகு உண்பான் என்று கட்டிலருகே விட்டுச் செல்வது, அதனைக் கண்டு கண்டு அவன் எந்த உணவையும் வெறுக்கச் செய்யும். உரிய நேரத்திற் கொண்டுவந்து, உண்டாலும் உண்ணாவிட்டாலும் உடனே எடுத்துவிட வேண்டும். மிக மெலிந்தவனுக்குக் கிண்ணம் நிறைய ஒரு வேளை கொடுப்பதினும் மணிக்கொருமுறை ஒரு கரண்டி கொடுப்பது உயிர் காக்கும். கோப்பையிலிருந்து தட்டிற் சிந்தினால், அவன் குடிக்கும்போது அது படுக்கைத் துணியிற் சொட்டும். இதுவும் ஒரு விதியா என்று கேட்பவர் ஈரத் துணியிற் படுத்துப் பார்க்கக் கடவர்.

சத்தத்தைப் பற்றிய அதிகாரம் நம்மை நேரே குற்றஞ்சாட்டியது. உரத்த சத்தத்தினும் கொடியது, நோயாளியின் அறைவாயிலில் நின்று பேசும் தாழ்ந்த குரல் என்கிறார்; ஏனெனில் தன்னைப் பற்றியே பேசுகின்றனர் என்று அறிந்து அவன் ஒவ்வொரு சொல்லையும் பிடிக்க முயன்று வருந்துவான். சென்ற ஆண்டு எம் அன்னையார் ஆஸ்பத்திரியிற் கிடந்தபோது, வைத்தியர் கூறியதை நாம் வாயிற்படியில் நின்று உறவினர்க்கு மெல்லச் சொன்னோம். அன்னையார் உறங்குவதாக எண்ணினோம். அவர் பாதியைக் கேட்டு, மறு பாதியைத் தாமே அஞ்சி நிரப்பிக்கொண்டு, அவ்விரவு முழுதும் விழித்திருந்தார் என்பதைத் தேறி வீடு வந்து பல வாரம் கழிந்த பின்னரே சொன்னார். வருபவரெல்லாம் ஒன்றுமில்லை, நாளைக்கே எழுந்துவிடுவீர்கள் என்ற பொருளிற் பேசியதும் நினைவுக்கு வந்தது. இத்தகைய பொய்த் தேறுதலையும் அம்மையார் ஓர் அதிகாரம் முழுதும் கண்டித்துள்ளனர். நோயாளிக்குத் தன் நிலை பெரும்பாலும் தெரியும்; பொய்த் தேறுதல் அவனைத் தனியனாக்கி விடும். படுக்கையின்மேல் உட்காராமலும், அதன்மேற் சாயாமலும், அவன் தலையைத் திருப்பாமற் காணக்கூடிய இடத்தில் அமர்ந்து, வெளியிலுள்ள ஒரு நற்செய்தியைச் சொன்னாற் போதும். ஒரு கொத்துப் பூவோ, ஒரு சிறு வளர்ப்புப் பிராணியோ கூட அவனுக்கு மருந்தாகும்.

கண்டறியும் திறத்தை அவர் எல்லாவற்றினும் மேலாக வைத்தார். நன்றாகத் தூங்கினானா என்று கேட்பது வீண். எத்தனை மணி நேரம், எப்போது தொடங்கி எப்போது வரை என்று கேட்க வேண்டும். குளிர், மயக்கம், உண்டபின் குமட்டல், படுக்கைப் புண் ஆகியவை தோன்றினால் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பேணுதலின் குற்றம் என்பது அவர் தீர்ப்பு. தாம் அருகில் இருக்கும்போது செய்வதெல்லாம் தாம் இல்லாதபோதும் தவறாது நடக்க ஏற்பாடு செய்பவளே தாதி. எல்லாம் தன்னாலேயே ஆகவேண்டும் என்று ஓடுபவள் அல்லள். கிருமிகளால் நோய் பரவும் என்னும் உண்மையை அவர் நெடுங்காலம் ஏற்காமல், நாற்றத்தையும் அழுக்கையுமே குற்றஞ்சாட்டி வந்தார். காரணம் பிழையாயினும் கைகள் செய்த வேலை சரியாயிருந்தது.

போர்க்காலத்திலேயே நாட்டு மக்கள் அவர்க்கு நன்றியாக ஒரு நிதி திரட்டினர்; அது ஏறக்குறைய 45,000 பவுனாக வளர்ந்தது. அதனைக்கொண்டு 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப் பெற்றது. முதலிற் சேர்ந்தோர் 15 பேர், பயிற்சி ஓராண்டு. தலைமைத் தாதி வார்ட்ரோப்பர் அம்மையார் பள்ளியை நடத்த, படுக்கையிலிருந்தபடியே நைட்டிங்கேல் அம்மையார் அதனைக் கவனித்து வந்தனர். அங்குப் பயின்றவருள் ஆக்னெஸ் ஜோன்ஸ் லிவர்பூல் ஏழையர் ஆஸ்பத்திரியில் 1865 முதல் உழைத்து, 1868-இல் அங்கேயே விஷக்காய்ச்சலால் மாண்டார். லூஸி ஆஸ்பர்ன் அதே ஆண்டில் ஐந்து தாதியரோடு ஆஸ்திரேலியாவிலுள்ள ஸிட்னிக்குப் போய்ச் சேர்ந்தார்.

நம் நாட்டை அம்மையார் ஒருநாளும் கண்ணாற் கண்டதில்லை. ஆயினும் நாற்பது ஆண்டுக்குக் குறையாமல் அதற்காக உழைத்தனர். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சுகநிலையை ஆராய 1859-இல் அமைந்த ராயல் கமிஷனுக்காக ஒவ்வொரு பாளையத்துக்கும் வினாத்தாள் அனுப்பி, நீர் எங்கிருந்து வருகின்றது, கழிவு எங்கே போகின்றது என்று கேட்டனர். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதை 1863-இல் வெளியான அவ்வறிக்கை காட்டியது. பத்தாண்டிற்குள் அது 18-ஆகக் குறைந்தது. சிப்பாயிலிருந்து அவர் சிந்தனை குடியானவனுக்குச் சென்றது. சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபுவோடு, அவர் கான்ஸ்டாண்டிநோபிளில் தூதரகத்தில் இருந்தபோது தொடங்கிய அறிமுகத்தைக் கொண்டு, கடிதப் போக்குவரத்து நடத்தினர். காவிரியிலும் கோதாவரியிலும் அணைக்கட்டு வேலைகளாற் பெயர்பெற்ற ஸர் ஆர்தர் காட்டனின் நீர்ப்பாசனக் கொள்கையைப் பெரிதும் ஆதரித்தனர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பஞ்சத்தைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் எழுதி, தம் நாட்டாரையே நாணச் செய்தனர். இச்செய்தி நம் நாட்டிற் பலர் அறியாதது.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் எழுத வரவில்லை. உடனுழைத்தவரைச் சற்றும் ஓய விடாதவர்; சிட்னி ஹெர்பர்ட் 1861-இல் நோயால் இறக்கும் வரை அவரை வேலை வாங்கியவர். தாதியரைச் சட்டப்படி பதிவு செய்யும் முயற்சியை, நற்குணத்தைப் பரீட்சையால் அளக்க இயலாது என்று கூறி எதிர்த்தவர்.

முதுமையிற் பார்வை மங்கிற்று, நினைவும் தளர்ந்தது. 1907-இல் ஆர்டர் ஆப் மெரிட் என்னும் உயர்ந்த விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, அவர்க்கு, அளிக்கப்பட்டபோது அதனை முற்றும் உணரும் நிலையில் அவர் இல்லை. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள் லண்டனில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அவர் பிறந்த மே 12-ஆம் நாள் இன்று உலகெங்கும் செவிலியர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அவர் பிறந்த இருநூறாம் ஆண்டாகிய 2020-ஐ உலகச் சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாகக் குறித்திருந்தது. அவ்வாண்டிலேயே கொரோனா நோய் பரவியதும், லண்டனில் விரைந்து எழுப்பிய தற்காலிக ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரே இடப்பட்டதும் யாரும் எண்ணியிராத ஒற்றுமை.

அரசரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவர்க்கு இடந்தர நாடு முன்வந்தது. உறவினர் மறுத்து, எம்பிளி மாளிகைக்கு அருகிலுள்ள கீழ் வெல்லோ என்னும் சிற்றூரின் கோயில் முற்றத்தில் பெற்றோர் பக்கத்தே அடக்கஞ் செய்தனர். அங்குள்ள கல்லில் அவர்க்கெனப் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும், பிறந்த காலமும் இறந்த காலமுமே செதுக்கப்பட்டுள்ளன.